வகுபடாத கோப்பு

லிஃப்ட் மெக்கானிக் முதல் தடவை ஒப்புதல் அலுவலகத்துக்குப் போன அன்று அங்கே லிஃப்ட் ஓடவில்லை. பழைய காலத்துக் கம்பிக்கதவு லிஃப்ட். தொழில்புத்தி சும்மா இருக்குமா? எட்டிப் பார்த்தான். கதவு மூடிவிட்டது என்று மோட்டாருக்குச் சேதி சொல்லும் செம்புத் தகடு வளைந்து கிடந்தது. இரண்டு நிமிட வேலை. "அதுக்கு மனு போட்டு ஒன்றரை வருஷம் ஆகுது, மேலதான் இருக்கு" என்றார் காவலாளி, தன் பிள்ளை மேல்படிப்பு படிப்பதைச் சொல்வதுபோல. அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆறு மாடியும் ஏறினான்.

பையில் ஸ்பேனரோடு மருத்துவமனைத் தாள்களும் இருந்தன. அவனுடைய தங்கைக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இப்போது வாரத்தில் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம் ஆஸ்பத்திரி இயந்திரத்தோடு கட்டிப்போட்டு ரத்தத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அண்ணனுடைய சிறுநீரகம் பொருந்தும் என்று சோதனைகள் சொல்லிவிட்டன. "மூணு மாசத்துக்குள்ள வச்சிடணும். ஒப்புதல் தாளைக் கொண்டுவாங்க, மறு வாரமே செஞ்சிடலாம்" என்றார் டாக்டர். கொடுப்பவன் தயார், வாங்குபவள் தயார், அறுப்பவரும் தயார். பாக்கி இருந்தது கையெழுத்து மட்டும்தான்.

நாய் வளர்க்க, கடைக்குப் போர்டு மாட்ட, சுவரில் ஜன்னல் வைக்க, உடம்பிலிருந்து ஒன்றை எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்க, எல்லாவற்றுக்கும் ஒரே வரிசை. அவனுக்குப் பின்னால் நின்ற கடைக்காரர் நிலைகொள்ளாமல் தவித்தார்.

"சார், பெயின்டர் ஏணி மேலயே நிக்கிறார். நான் போய்ச் சொன்னாத்தான் எழுதுவார். கொஞ்சம் முன்னால விடுறீங்களா?"

"என்ன எழுதணும்?"

"எங்களுக்கு வேறு கிளைகள் இல்லைன்னு."

அவன் வழிவிட்டான். வாழ்க்கையில் அவன் செய்த மிகப் பெரிய தப்பு அதுதான். கடைக்காரருக்கு 7,39,39,132 என்ற எண் கிடைத்தது. இவனுக்கு அடுத்தது. ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து நூற்று முப்பத்து மூன்று.

நாற்பது நிமிஷத்தில் கடைக்காரர் சிரித்த முகமாக வெளியே வந்தார். "உங்க நல்ல மனசுக்கு உங்களுக்கும் உடனே முடிஞ்சிடும் சார்" என்று வாழ்த்திவிட்டு ஏணியை நோக்கி ஓடினார். மெக்கானிக் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தான். மறுநாளும் உட்கார்ந்தான். பதினைந்தாம் நாள் அவனை மிச்சப் பிரிவுக்கு வரச் சொன்னார்கள்.

மிச்சப் பிரிவு ஒரு நீளமான கூடம். நாற்பது எழுத்தர்கள் குனிந்த தலை நிமிராமல் வகுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவரை எல்லோரும் மீதியார் என்றுதான் அழைத்தார்கள். ஒவ்வொரு வகுத்தலும் முடிந்ததும் எழுந்து நின்று மீதியைச் சத்தமாகப் படிக்கவேண்டும் என்பது அவர் கொண்டுவந்த ஒழுங்கு. "மீதி நாலு!" என்று ஒரு மூலையிலிருந்து குரல் வரும். "மீதி ஐந்நூற்று இரண்டு!" என்று இன்னொரு மூலை பதில் சொல்லும்.

"உக்காருங்க சார். உங்க எண்ணு கொஞ்சம் அடம்பிடிக்குது" என்றார் மீதியார்.

"எண்ணு எதுக்கு சார்? ரிப்போர்ட்டெல்லாம் சரியா இருக்கில்ல?"

"ரிப்போர்ட்டை நாங்க பாக்கறதில்லையே. அதைப் பார்த்தா இரக்கம் வரும். இரக்கம் வந்தா பாரபட்சம் வரும்." மீதியார் பொறுமையாக விளக்கினார். முன்பெல்லாம் இந்த அலுவலகத்தில் லஞ்சம் பெருக்கெடுத்து ஓடியதாம். தங்களுக்கு வேண்டியவன் கோப்பை எடுத்துத் தனியாகக் கையெழுத்துப் போட்டுவிடுவார்களாம். அதை ஒழிக்க இப்போதைய இயக்குநர் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு முறை கொண்டுவந்தார். எந்த மனுவுக்கும் இரண்டு பேர் கையெழுத்து. அந்த இரண்டு பேர் யார் என்பதை மனுஷன் முடிவு செய்யக்கூடாது, கணக்குதான் முடிவு செய்யும். மனு எண்ணை இரண்டு எண்களின் பெருக்கலாகப் பிரிப்பார்கள். அந்த இரண்டின் கடைசி இலக்கம் எதுவோ, அந்த எண்ணுள்ள மேசைகளுக்குக் கோப்பு போகும். பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை பத்து மேசைகள்.

"பதினஞ்சாம் நம்பர்னு வச்சுக்கங்க. மூணு அஞ்சு பதினஞ்சு. மூணாம் மேசை, அஞ்சாம் மேசை. போர்டு கேட்டாரே, அவர் எண்ணு ரெட்டைப்படை. ரெண்டாம் மேசை, ஆறாம் மேசை, முடிஞ்சுது. உங்களது எதாலயும் வகுபடல."

"ஒண்ணால வகுபடுமே சார்."

மீதியாரின் முகம் சுருங்கியது. "ஒண்ணால எந்தக் கழுதைதான் வகுபடாது? அதை ஒத்துக்கிட்டா எல்லாக் கோப்பும் ஒண்ணாம் மேசைக்கே போயிடும். ஆணையிலயே இருக்கு, ஒன்று செல்லாது."

"அப்போ நான் வேற மனு போடறேன். புது எண்ணு வரட்டும்."

"தாராளமா. ஆனா ஒரு சிறுநீரகத்துக்கு ஒரு மனுதான். ரெண்டாவது மனு போட்டா உங்க ரெண்டாவது சிறுநீரகத்தையும் குடுக்கறதா அர்த்தம். சம்மதமா?"

"பழசை வாபஸ் வாங்கிக்கறேன்."

"வாபஸ்னு அந்தக் கோப்புலதானே எழுதணும்? எழுத ரெண்டு கையெழுத்து வேணுமே."

கூடத்தை விட்டு வெளியே வந்தபோது தாழ்வாரத்தில் வரிசையாக இரும்பு பீரோக்கள் நின்றன. ஒவ்வொன்றிலும் 'வகுபடாதவை' என்று எழுதி ஒட்டியிருந்தது. கதவு மூட முடியாமல் தாள்கள் பிதுங்கின. இதெல்லாம் என்ன ஆகும் என்று கேட்டான்.

"பெரும்பாலான கோப்பு காலப்போக்குல தானாவே தீர்ந்துடும் சார்" என்றார் மீதியார்.

அன்று ஆஸ்பத்திரியில், கையிலும் கழுத்திலும் குழாயோடு சாய்ந்து கிடந்த தங்கையிடம் அவன் நடந்ததைச் சொன்னான். அவள் சிரித்தே விட்டாள். நர்ஸ் வந்து ஆடாமல் இருக்கச் சொல்லும்வரை சிரித்தாள்.

"பகா எண்ணா போச்சாண்ணா? எழுது அதை. சொல்லு."

வலது கை சும்மாதான் இருந்தது. நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வகுக்க ஆரம்பித்தாள். செல்போனில் தட்டினால் ஒரு நொடியில் தெரிந்துவிடும் என்று அவன் சொன்னான். "நாலு மணி நேரத்தை நான் வேற என்ன பண்றது?" என்றாள்.

"எவ்வளவு தூரம் வகுக்கணும்?"

"அதோட வர்க்கமூலம் வரைக்கும் போதும். எட்டாயிரத்து ஐந்நூத்துத் தொண்ணூத்தெட்டு. அதுக்குள்ள ஒண்ணும் வகுக்கலைன்னா அதுக்கு மேலயும் வகுக்காது. அவங்க எது வரைக்கும் வகுத்தாங்களாம்?"

"பத்தாயிரம் வரைக்கும். பதிவேட்டுல பத்தாயிரம் வரிதான் இருக்காம்."

"பரவால்ல. தெரியாமலே சரியாப் பண்ணியிருக்காங்க." ஓரத்தில் இன்னொரு கணக்கைப் போட்டாள். முகம் மாறியது. "இந்த அளவு எண்ணுல பதினெட்டுக்கு ஒண்ணு பகா எண்ணாத்தாண்ணா இருக்கும். அப்போ வர்றவங்கள்ல பதினெட்டுக்கு ஒரு ஆள்..."

அவனுக்கு அந்தப் பீரோக்கள் ஞாபகம் வந்தன.

"எல்லாம் முடிஞ்சதும் நான் ஒரு பூனை வளர்க்கப்போறேன்" என்றாள் தங்கை, பேச்சை மாற்றி.

"பூனைக்கும் அங்கதாம்மா மனு போடணும். இந்த ஒரு மனுவே போதும்டா சாமி."

"சரி சரி, அப்புறம் பாத்துக்கலாம்."

இயக்குநரைப் பார்க்க அவன் ஆறு நாள் ஆறு மாடி ஏறினான். ஆறாம் நாள் பொறுக்க முடியாமல், காவலாளி டீ குடிக்கப் போன நேரத்தில், வளைந்த தகட்டைக் கழற்றி, பையிலிருந்து வேறொரு தகட்டை எடுத்து மாட்டி, லிஃப்டை ஓட வைத்துவிட்டான். பத்து நிமிஷத்தில் மொத்த அலுவலகமும் அதில் ஏறி இறங்கியது. பதினோராம் நிமிஷம் மீதியார் அவனைக் கூப்பிட்டனுப்பினார்.

"பதிவேட்டுல இந்த லிஃப்ட் ஓடாத லிஃப்ட். அது ஓடறது சட்டப்படி தப்பு."

"நிறுத்திடட்டுமா சார்?"

"அது எதுக்கு? ஓடட்டும். பதிவேட்டுல மட்டும் ஓடாது." அப்புறம் ஒரு தாளை நீட்டினார். எழுத்துமூலம் கோப்பு எண் இல்லாமல் இந்த அலுவலகத்தின் எந்த இயந்திரத்தையும் இனித் தொடமாட்டேன், எந்த நிலைமையிலும் தொடமாட்டேன், என்று அவன் எழுதிக் கையெழுத்துப் போட்டான். அதற்கு அவன் ஒருவன் கையெழுத்தே போதுமாக இருந்தது.

லிஃப்ட் ஓடியதால் இயக்குநர் நல்ல மனநிலையில் இருந்தார். ஒன்றரை வருஷமாக அவர் படியேறி மூச்சிரைத்தவர். மெக்கானிக்கை உள்ளே அழைத்து, அவன் வாய் திறப்பதற்குள் தானே பேசினார். எதிரே ஆள் ஒருவன்தான் என்றாலும் எழுந்து நின்று மேடையில் பேசுவதுபோலத்தான் பேசினார்.

"இந்த எண்ணைப் பாத்தீங்களா? யாராலயும் பிரிக்க முடியல. எந்தச் சிபாரிசுக்கும் மசியல. என் அலுவலர் ஒவ்வொருத்தரும் இப்படித்தான் இருக்கணும்னு நான் சொல்றது. ஒரு கோப்பு ஓடுதுன்னா பின்னால யாரோ தள்ளறாங்கன்னு அர்த்தம். நிக்கிற கோப்புதான் நேர்மையான கோப்பு. நான் முப்பத்தோரு வருஷமா சர்வீஸ்ல இருக்கேன். இந்தக் காரியம் இவராலதான் நடந்துதுன்னு ஒருத்தன், ஒரே ஒருத்தன், என்னைப் பார்த்து விரல் நீட்ட முடியுமா?"

"முடியாது சார்" என்றான் மெக்கானிக். மனசாரத்தான் சொன்னான்.

"அதான்! சரி, தங்கச்சிக்கு எப்படி இருக்கு?"

"இன்னும் ரெண்டு மாசம்தான் தாங்கும்கறாங்க சார்."

இயக்குநர் உச்சுக் கொட்டினார். கருணை அடிப்படையில் ஒரு வழி இருப்பதாகச் சொன்னார். இலக்கக் குறைப்புக் குழு. வியாழக்கிழமைதோறும் கூடும். அடம்பிடிக்கும் எண்ணின் வலதுகோடி இலக்கத்தை எழுத்துப்பிழை என்று கருதி வெட்டிவிடலாம். மிஞ்சிய எண் வகுபட்டால் கோப்பு நகரும். வகுபடாவிட்டால் அடுத்த வியாழன் இன்னொன்று.

அவன் சந்தோஷத்தோடு ஓடிப்போய்த் தங்கையிடம் சொன்னான். அவள் நோட்டில் எதையோ எழுதினாள், அடித்தாள், தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டினாள். பிறகு பேனாவை வைத்துவிட்டாள்.

"அண்ணா, வலது பக்கம் வெட்டக்கூடாதுன்னு சொல்லு. கடைசி மூணை எடுத்தாலும் மிச்சம் பகா எண்தான். அடுத்த மூணை எடுத்தாலும் அப்படித்தான். ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டே வந்து கடைசியில ஏழு மட்டும் நிக்கும் பாரு, அது வரைக்கும் அத்தனையும் பகா எண். இந்தக் குணம் இருக்கற எண்ணுல இதுதான் இருக்கறதுலயே பெரிசு. இதுக்கு மேல ஒண்ணு கிடையவே கிடையாது. அத்தனை கோடி எண்ணு இருக்க, நமக்குன்னு வந்து வாய்ச்சிருக்கு பாரேன்." அவள் குரலில் கோபத்தோடு கொஞ்சம் பெருமையும் இருந்தது. கணக்கு டீச்சர் புத்தி.

"அப்போ என்னதாம்மா பண்றது?"

"இடது பக்கம் வெட்டச் சொல்லு. அந்த ஏழை எடுத்தா முப்பத்தொன்பது லட்சத்துச் சொச்சம். அது பதினொண்ணால வகுபடும். போட்டுப் பார்த்துட்டேன், மீதி இல்ல. ஒரே வெட்டு, ஒரே வியாழன்."

அந்த நோட்டுத்தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு அவன் முதல் வியாழக்கிழமை குழுவின் முன்னால் நின்றான். நீளமான மேசை, ஏழு நாற்காலி, நடுவில் இயக்குநர், ஓரத்தில் மீதியார். தாள் கைமாறிக் கைமாறிப் போனது. எல்லோரும் அதைப் பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார்கள்.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்பா, என்ன விளையாடறியா? வலது பக்கம் இருக்கறது வெறும் மூணு. ஒன்பது வரைக்கும் வெட்ட எனக்கு அதிகாரம் இருக்கு, வெட்டுவேன். இடது பக்கம் இருக்கறது வெறும் ஏழா? ஏழு கோடி! ஏழு கோடியை ஒரே வெட்டா வெட்டிட்டு நாளைக்கு விசாரணை வந்தா உன் தங்கச்சியா வந்து பதில் சொல்லும்?"

"சார், வலது பக்கம் வெட்டினாலும் எண்ணு பத்துல ஒரு பங்காத்தானே ஆகுது? அப்பவும் ஆறரைக் கோடிக்கு மேல போயிடுதே."

மீதியார் அவசரமாக ஒரு தாளில் கழித்துப் பார்த்து, பார்த்ததை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அது விளைவு" என்றார் இயக்குநர். "விளைவுக்கு நாங்க பொறுப்பில்ல. நாங்க வெட்டினது மூணு. குறிப்புலயும் மூணுன்னுதான் இருக்கும்."

"கடைசி வரைக்கும் வகுபடாதுன்னு தங்கச்சி கணக்குப் போட்டுக் குடுத்திருக்கு சார்."

"வகுபடாதுன்னு நாங்க சொல்லணும். அதுக்குத்தான் நாற்பது பேரை வச்சுச் சம்பளம் குடுக்கறோம்."

மூன்றை வெட்டினார்கள். ஒரு வாரம் நாற்பது பேரும் வகுத்தார்கள். வகுபடவில்லை. அடுத்த வியாழன் இன்னொரு மூன்றை வெட்டினார்கள். அதற்கடுத்த வியாழன் ஒன்றை. ஒன்றை வெட்டுவதா, ஒன்றுதான் செல்லாதே, செல்லாததை வெட்டினால் வெட்டியது செல்லுமா என்று அன்று இரண்டு மணி நேரம் விவாதம் நடந்ததால் மற்ற கோப்புகளை எடுக்க முடியவில்லை. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக எண் சிறுத்துக்கொண்டே வந்தது. பணிநாட்கள் மட்டும் சிறுக்கவில்லை. எண் எத்தனை சின்னதானாலும் பத்தாயிரம் வரை வகுத்தே தீரவேண்டும், வரிகளைக் காலியாக விட்டால் தணிக்கையில் கேட்பார்கள்.

நாலாவது வெட்டில் 7,393 என்று ஆனது. அந்த வாரம் மெக்கானிக் தாழ்வாரத்தில் பீரோக்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தபோது கூடத்துக்குள் ஒரே கூச்சல். "மீதி இல்ல! மீதி இல்ல!" என்று ஒரு எழுத்தர் தாளை ஆட்டிக்கொண்டு மேசைகளுக்கு நடுவே ஓடினார். மற்றவர்கள் எழுந்து கைதட்டினார்கள். மெக்கானிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. செல்போனை எடுத்துத் தங்கையின் எண்ணை அழுத்தக்கூடச் செய்துவிட்டான்.

மீதியார் தாளை வாங்கிப் பார்த்தார். "எதால வகுத்தே?"

"ஏழாயிரத்து முந்நூத்துத் தொண்ணூத்து மூணால சார்."

"தன்னாலேயே தான் வகுபட்டா அதுக்குப் பேர் சுயசிபாரிசு. உக்காரு. மேல போ."

அந்த எழுத்தர் உட்கார்ந்து 7,394-ஆல் வகுத்தார். ஈவு பூஜ்யம், மீதி 7,393. எழுந்து நின்று சத்தமாகப் படித்தார். பிறகு 7,395-ஆல். பத்தாயிரம் வரை அப்படியே போனார்கள், நாற்பது பேரும், மூன்று நாள், ஒரே மீதியை மாற்றி மாற்றி எழுந்து நின்று படித்துக்கொண்டு. ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. வெட்கமும் வரவில்லை. கேட்டுக்கொண்டிருந்த மெக்கானிக்குத்தான் அந்தக் கூடத்தின் தரையில் காறித் துப்பவேண்டும்போல இருந்தது. வாயை மூடிக்கொண்டு விழுங்கினான்.

ஐந்தாவது வியாழன் மூன்றை வெட்டி 739 ஆக்கினார்கள். அன்று ராத்திரி தங்கைக்குக் குளிர்க்காய்ச்சல் வந்தது. கழுத்துக் குழாய் வழியாகக் கிருமி புகுந்துவிட்டது என்றார்கள். மறுநாள் கொஞ்சம் தெளிந்து, "இப்போ எதுலண்ணா நிக்குது?" என்று கேட்டாள். எழுநூற்று முப்பத்தொன்பது என்றான். "இன்னும் ரெண்டு வெட்டு. அப்புறம் ஏழு" என்றாள். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் போய்விட்டாள்.

மூன்று நாள் அவன் எங்கேயும் போகவில்லை. நாலாம் நாள் வியாழக்கிழமை. மரணப் பதிவும் அதே அலுவலகத்தில்தான். அவன் பழைய வரிசையில் நின்றான். யாருக்கும் வழிவிடவில்லை. 7,39,98,458 என்று எண் கொடுத்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்தான், இருபது நிமிஷம்கூட ஆகியிருக்காது, மீதியாரே வெளியே வந்தார். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, கல்யாண வீட்டில் வரவேற்பதுபோல வந்தார்.

"சார், வாழ்த்துக்கள்! உங்களுக்கு ஒப்புதல் ஆயிடுச்சு!"

"என்ன ஒப்புதல்?"

"சிறுநீரகம் சார்! ஒரே ஆள் சம்பந்தப்பட்ட ரெண்டு கோப்பு வந்தா இணைச்சிடணும்னு விதி இருக்கு. இணைச்சா எண்ணை எண்ணால பெருக்கணும். உங்க தங்கச்சி மரணத்தை அந்த எழுநூத்து முப்பத்தொன்பதோட பெருக்கினோம். ஐயாயிரத்து நானூத்து அறுபத்தெட்டு கோடிச் சொச்சம் வந்துது. அருமையா வகுபடுது! ஒன்பதாம் மேசை, எட்டாம் மேசை, பட்டு பட்டுனு ரெண்டு கையெழுத்தும் ஆயிடுச்சு."

மெக்கானிக் அந்தத் தாளைக் கையில் வாங்கினான். முத்திரை ஈரம் காயவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இவர்கள் கண்ணைப் பிடுங்கிவிட்டு அந்தக் கண்ணையே காணிக்கையாக நீட்டினார்கள்.

"ஏன் சார்," என்று கேட்டான். "அவ பேர்ல வேற எந்த மனு இருந்திருந்தாலும் இணைச்சிருப்பீங்களா?"

"கண்டிப்பா. எதுவா இருந்தாலும் சரி. போர்டு, ஜன்னல், நாய், பூனை. அன்னைக்கே பெருக்கியிருப்போம், அன்னைக்கே முடிஞ்சிருக்கும்."

"இதை நீங்க சொல்லவே இல்லையே சார்."

"நீங்க கேக்கவே இல்லையே சார்" என்றார் மீதியார், உண்மையிலேயே ஆச்சரியப்பட்டு.

பூனை. ஒரு பூனைக்கு ஒரு தாள் எழுதியிருந்தால் போதும். இந்த ஒரு மனுவே போதும் என்று சொன்னது அவன் வாய்தான். மீதியார் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். ஒப்புதல் ஆன சிறுநீரகம் ஏழு நாளுக்கு மேல் மனுதாரர் உடம்பில் இருக்கக்கூடாதாம். ஆஸ்பத்திரியில் ஒப்படைத்துவிட்டு ரசீதைக் கொண்டுவந்து காட்டவேண்டுமாம். தவறினால் நடவடிக்கை.

"யாருக்குக் குடுக்கறது?"

"அது எங்க பிரிவு இல்ல சார்."

அவன் திரும்பி நடந்தான். படியில் இறங்கி நாலாவது மாடிக்கு வந்தபோது யாரோ கத்துவது கேட்டது. கம்பிக்கதவுக்கு அந்தப் பக்கம், இரண்டு மாடிக்கு நடுவே, லிஃப்ட் பெட்டி நின்றிருந்தது. உள்ளே இயக்குநரும் இலக்கக் குறைப்புக் குழுவில் நாலு பேரும். கூட்டத்துக்கு மேலே போய்க்கொண்டிருந்தவர்கள். அவன் தலைக்குச் சற்று மேலே அவர்களுடைய செருப்புகளும் கால்சட்டை ஓரங்களும் தெரிந்தன. இயக்குநர் குனிந்து கம்பி வழியாகப் பார்த்தார்.

"ஏம்பா! நீ அந்த லிஃப்ட்காரன்தானே? நல்ல வேளை! திற சீக்கிரம், மூச்சு முட்டுது!"

மெக்கானிக் எட்டிப் பார்த்தான். தகடு நழுவியிருந்தது. அவன் மாட்டிய தகடுதான். இரண்டு நிமிட வேலை. பை தோளில் இருந்தது.

"எழுதிக் குடுத்திருக்கேன் சார். கோப்பு எண் இல்லாம எந்த நிலைமையிலயும் தொடமாட்டேன்னு. மீதியார்கிட்ட இருக்கு."

"யோவ், விளையாடாதய்யா! மாட்டிக்கிட்டு நிக்கறோம்!"

"பதிவேட்டுல இந்த லிஃப்ட் ஓடலையே சார். ஓடாத லிஃப்ட்ல யாரும் மாட்டிக்க முடியாது."

பெட்டிக்குள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருவர் மனு எழுதத் தாள் இருக்கிறதா என்று கேட்டார். இன்னொருவர் ரெட்டைப்படை எண்ணாகப் பார்த்து வாங்கச் சொன்னார். மெக்கானிக் பையைத் திறந்தான். உள்ளேயிருந்து தங்கையின் நோட்டை எடுத்தான். எழுதாத தாள் ஒன்றைக் கிழித்து, அதில் 7,39,39,133 என்று எழுதி, பேனாவோடு சேர்த்துக் கம்பி இடுக்கு வழியாக மேலே நீட்டினான். ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது.

"என்னய்யா இது?"

"வகுத்துக்கிட்டிருங்க சார். எட்டாயிரத்து ஐந்நூத்துத் தொண்ணூத்தெட்டு வரைக்கும் போதும். நாலு மணி நேரம் போறதே தெரியாது."

நோட்டை மறுபடி பைக்குள் வைத்து, பையை மூடிக்கொண்டு, அவன் மிச்சம் இருந்த நாலு மாடியையும் இறங்கிப் போனான்.